அசெம்பிளா, யூஸ்டா: லயக் காம்பராக் கணினி குறித்த ஓர் ஆராய்ச்சி

கையில் காசு கொஞ்சம், விளையாட்டில் ஆசை நிறைய. இந்த நிலையில் உள்ளவன் கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதா, யாரோ பூட்டிப் பாவித்ததை வாங்குவதா? அறிஞர்கள் கடல்மட்டத்தில் உட்கார்ந்து இதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நாலாயிரம் அடிக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், தகரக் கூரையின்கீழ் அந்தத் தீர்ப்பு செல்லுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்களம், ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் பஸ் ஏறி இறங்கி, அப்புறம் நடந்து போகவேண்டிய ஒரு லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள். காம்பராக்கள் 12, கணினிகள் 2. முதலாவது இவ்வாய்வாளன் அசெம்பிள் செய்தது. இரண்டாவது சித்தப்பா மகன் வாங்கியது. மாதிரி மிகச் சிறியது என்று குறை காண்போர் மூன்றாவது கணினி ஒன்றை வாங்கித் தந்தால் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

முதலில் அளவைப் பற்றி. விலையை ரூபாவில் சொல்வது ஆய்வுக்கு உதவாது. ரூபா ஓரிடத்தில் நிற்பதில்லை. தோட்டத்தில் நமக்கென்று ஓர் அலகு இருக்கிறது. அதன் பெயரே பேர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதம் 360 ஆயிற்று. அப்படியென்றால் 500 டாலர் பெறுமதியான ஒரு கணினி 100 பேரிலிருந்து 180 பேருக்குப் போனது. மாதம் 25 நாள் வேலை கிடைத்து, வீட்டில் யாருமே சாப்பிடாமல் இருந்தாலும் ஏழு மாதத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 1,35,000 ரூபாக் கணினி மறுபடியும் 100 பேர். நாளுக்கு 18 கிலோ என்று வைத்தால் 1,800 கிலோ கொழுந்து. இந்தக் கடைசிக் கணக்கை அம்மா முன்னால் போட்டுக் காட்டக்கூடாது என்பது அனுபவத்தில் கண்ட முறையியல் எச்சரிக்கை.

பூட்டுவதற்கும் வாங்குவதற்கும் இந்த மலைகளில் இரண்டு மரபுகள் உண்டு. கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலர், பங்களா வராந்தாவில் இலையைக் கையால் உருட்டினார். பிறகு உருட்டும் மெசினையும் தானே செய்துகொண்டார். ஆக, மலையகத்து அசெம்பிள்காரர்களின் ஆதிகுரு அவரே. மற்றது டேவிட்சன் மரபு. அசாம் பக்கம் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு பெல்பாஸ்ட் திரும்பிய சாமுவேல் டேவிட்சன், 'சிரோக்கோ' என்ற பெயரில் இலை காயவைக்கும் மெசினைச் செய்து விற்றார். துரைமார் அதை வாங்கி, தேயிலை ஆலையான ஸ்டோரில் நிறுத்தினார்கள். காற்றை உறிஞ்சிப் பக்கவாட்டில் தள்ளும் உருளை விசிறிக்கும் சிரோக்கோ என்றே பெயர். லேப்டாப்புக்குள்ளும் ஒருசில வீஜீஏ கார்டுகளுக்குள்ளும் சுற்றுகிற சின்ன விசிறி அதன் கொள்ளுப்பேரன். ஸ்டோரில் இலையைக் காய வைத்த குலம் இன்று சிப்பைக் காயாமல் காக்கிறது. அசெம்பிள் மரபுக்கு முடிவில் என்ன கிடைக்கும் என்று கேட்போருக்கு ஒரு தகவல்: 1892இல் கம்பனி டெயிலரை வேலையை விட்டு நிறுத்தியது. அதே வருடம் அவர் செத்தும் போனார்.

குருவின் வழியில்தான் நானும் போனேன். மொத்தமாகக் காசு திரளாது. தீபாவளி முன்பணம் வரும்போது வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில் வருடத்துக்கு ஒரு பாகம் என்று திட்டம். முதல் தீபாவளிக்கு ராம் வாங்கினேன், அதுதான் இருப்பதிலே மலிவு என்பதால். அடுத்த தீபாவளிக்கு கேசிங், அது பார்க்க லட்சணம் என்பதால். மூன்றாம் தீபாவளிக்கு மதர்போர்ட் வந்தது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போன அம்மா திரும்புவதற்குள் இருந்ததைப் பூட்டி முடித்துவிடலாம் என்று விடியலில் உட்கார்ந்தேன். ராம் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், ராமின் விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளம் ஓரிடம், போர்டில் நிற்கும் மேடு வேறிடம். என்னிடம் இருந்தது டிடிஆர்3, போர்ட் கேட்டது டிடிஆர்4. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக்கூடாது என்றே அந்தப் பள்ளத்தை இடம் மாற்றி வெட்டியிருக்கிறார்கள். முதல் தீபாவளியிலேயே இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. பாகங்களை வாங்கும் வரிசை பற்றிய எந்த நூலும் மூன்று வருட இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

சித்தப்பா மகன் மற்ற மரபு. கொழும்பில் கடையில் வேலை; பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி விலை கேட்ட ஞானம் அவனுக்கு உண்டு. ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகம் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் ஒன்றை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டாருக்கு அது பழைய பெட்டி. ஆனால் உள்ளே ஐ5 புரொசசர், விண்டோஸ், எல்லாம் ஓடுகிற நிலையில், நான் மூன்று தீபாவளியில் சேர்த்ததைவிடக் குறைந்த பேரில். இனி ஒரு வீஜீஏ செருகினால் கேமிங் கணினி என்றான். ஏட்டளவில் அது சரி. இந்தக் கட்டுரை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே பரிந்துரையும் அதுதான்.

ஆனால் அலுவலகப் பெட்டிக்கென்று சில சுபாவங்கள் உண்டு. அவன் வாங்கியது ஒல்லிப் பெட்டி. அதன் பவர் சப்ளை 240 வாட் அளவு, கம்பனிக்கே உரிய வடிவம், கடையில் கிடைக்கும் சப்ளை அதற்குள் உட்காராது. கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் வயரும் கிடையாது. ஆகவே மதர்போர்ட் செருகுவாய் தரும் 75 வாட்டில் பிழைக்கிற கார்டாக வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி. அதிலும் குட்டை ரகம் வேண்டும். முதல் விதியை அவன் படித்திருந்தான். இரண்டாவதைப் படிக்கவில்லை. கார்ட் ஒரு விரல் உயரம் கூட. அடிமட்டம் வைத்து அளந்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி வரைக்கும் ஆலோசித்துப் பார்த்தோம். கடைசியில் பெட்டியின் மூடியைக் கழற்றி மூலையில் வைத்தான். கார்ட் வேலை செய்தது. மூடி இன்னும் மூலையில்தான் இருக்கிறது; சித்தி அதன்மேல் மிளகாய் காயப் போடுகிறாள்.

திறந்த பெட்டிக்கு இந்த மலையில் என்ன நடக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. குளிர், கணினிக்கு நல்லது. கொழும்பில் ஏசி போட்டுச் செய்வதை இங்கே ஜன்னல் செய்கிறது. மற்றவை எல்லாம் எதிர்ப்பக்கம். பனி மூட்டம் உள்ளே வருகிறது. விறகடுப்புப் புகை உள்ளே வருகிறது. ஆறு மாதம் கழித்துப் பழைய பல் பிரஷ்ஷால் விசிறியைத் தேய்த்தபோது, இறக்கையின் ஒரு பக்கம் மட்டும் அடுப்பங்கரைச் சுவர் நிறத்தில் இருந்தது. கூரை ஒழுகும் இடம் மழைக்கு மழை மாறும், அதனால் பெட்டிக்கு மேலே பொலித்தீன். ஓடாத நேரத்தில் பொலித்தீன்மேல் பூனை. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் ஹெட்செட்டில் எதிரியின் காலடி கேட்காது, அவன் சுட்ட பிறகுதான் தெரியும்.

கரண்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எஞ்சினியர் விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்தது. தண்ணீர் நம்ம மலையில் இறங்கித்தான் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டியபோது, மிச்சம் 11 மணிநேரத்தில் எதை விளையாடுவது என்று நாங்கள் அட்டவணை போட்டோம். ஏப்ரல் இடி முழக்கத்துக்கு பிளக்கைக் கழற்றிவைப்பது தனிக் கணக்கு.

இவ்வளவும் எதற்கு என்றால், வீட்டுப் பதிவேட்டின்படி, உயர்தர (ஏ எல்) படிப்புக்கு. இரண்டு கணினிகளும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. என் கேசிங்கில் கலர் கலராக எரியும் லைட் எதற்கென்று அம்மா கேட்டபோது, ராத்திரிப் படிப்புக்கு என்று சொன்னேன். நல்ல யோசனைதான் என்றாள். அவள் நம்பினாளா என்பதை அளக்க இந்த ஆய்வில் கருவி இல்லை.

இனி முடிவு. சரியான ராமும் மிச்சப் பாகங்களும் பிறகு சேர்ந்து என்னுடையதும் ஒருவழியாக ஓடத் தொடங்கியிருந்தது. நொடிக்கு 60 படம் ஓடினால் முழுப்பேர், 30க்குக் கீழே போனால் அரைப்பேர் என்று அளவு வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜிடிஏ 5இல் அவன் பெட்டி முழுப்பேர் வாங்கியது, என்னுடையது அரைப்பேர். அவன் சிரித்தான். ஆனால் அதற்குள் லயத்துப் பையன்கள் கூடிவிட்டார்கள். கூடியவர்கள் கேட்டதெல்லாம் ஒரே ஆட்டம்: கிரிக்கெட் 07. வந்தது 2006இல். ஸ்டோர் ஆபீசில் சம்பளக் கணக்குப் போடும் கணினியில்கூட ஓடும்.

அந்த ஆட்டத்துக்கு உரிமம் இல்லாத அணிகளின் வீரர் பெயர்களை எல்லாம் கோணல்மாணலாகத்தான் எழுதி வைத்திருப்பார்கள். இலங்கை அணியைத் திறந்ததும், பின்னால் கம்பளி போர்த்தி நின்ற தாத்தா, முரளி எங்கே என்று தேடினார். முரளியின் பாட்டனாரும் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் என்பதால் அவருக்கு அதில் ஒரு பாத்தியதை. ஒரு பையன் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினான். ஒன்றுகூடச் சரியில்லை. தாத்தா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, எனக்குப் பொறப்புப் பத்திரம் எழுதுன கிளாக்கருதானா இதையும் எழுதுனான்?"