பாறைச் சுவரில் ஊதாப் பூ

கேள்வி: மலை இடுக்குகளில் நடக்கப் போகிறவர்கள் அரிய காட்டுப்பூக்களை எங்கே தேட வேண்டும்?

பதில்: வெயில் படாத பக்கம்தான்! உதாரணத்துக்கு ஸ்பெயினின் ஓர்தேசா பள்ளத்தாக்கு. பிரனீஸ் மலைத்தொடரில் இருக்கும் இது 1918 முதல் தேசியப் பூங்கா. மே முதல் ஜூலை வரை அங்கே போகிறவர்கள், வடக்கு பார்த்த சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளை உற்றுப் பார்க்க வேண்டும். கைப்பிடி மண்கூட இல்லாத அந்த இடத்தில்தான் ரமோண்டா என்ற பூச்செடி குடித்தனம் நடத்துகிறது.

பாறையோடு ஒட்டி வட்டமாக விரிந்த சுருக்கம் விழுந்த இலைகள். அடிப்புறத்தில் பழுப்பு ரோமம். நடுவே மெல்லிய காம்பில் ஐந்து இதழ் ஊதாப் பூ, மையத்தில் மஞ்சள் மகரந்தம்.

பூத்தொட்டிகளில் வளரும் ஆப்பிரிக்க வயலட்டின் குடும்பம் இது. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வெப்பமண்டலவாசிகள். ஐரோப்பாவில் தங்கிவிட்டவை மிகச் சில. பனியுகங்களையும் தாண்டிப் பிழைத்த பழங்குடிகள்.

கோடையில் இலைகள் சருகாகச் சுருண்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மழை பட்டதும் மறுபடி பச்சை பிடித்து விரியும்!

பாறையில் தொற்றி ஏறவோ, பறிக்கவோ வேண்டாம். கையில் ஒரு பைனாகுலர் போதும்.