எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஆவடியில் டாங்கிக்கு மரியாதை கிடையாது. 1965-இல் விஜயந்தா வெளிவந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஊர் இது. ட்ரெய்லரில் அர்ஜுன் போனால் வெளியூர்க்காரர் செல்ஃபி எடுப்பார். உள்ளூர்க்காரர் "இது எப்ப நகர்ந்து நம்ம பஸ் எப்ப போறது" என்று ஹாரன் அடிப்பார். இப்படிப்பட்ட ஊரில், தரையில் உருளும் எதையும் சட்டை செய்யாமல் அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளும் ஓர் இனம் இருக்கிறது. அம்பத்தூர் ஓ.டி. தொடங்கி பட்டாபிராம், பூந்தமல்லி வரை தேடினால் காலனிக்கு ஒருவராவது தேறுவார். தெருவில் அவருக்குப் பெயர் 'ஏரோப்ளேன் சார்'.

புதிதாகக் குடிவந்தவர்கள், அவர் ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று நினைத்து இரண்டு மாதம் கூடுதல் மரியாதை கொடுப்பார்கள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்தவர். விமானத்தில் ஏறியதே மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஒரு தடவைதான். அதுவும் ஜெட் என்பதால் அதனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பின்னாடி நெருப்பு வெச்ச குழாய். அதுல என்ன இருக்கு? விமானம்னா முன்னாடி விசிறி சுத்தணும் சார்" என்பது அவர் சித்தாந்தம். அவர் தேடுவது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் புரொப்பெல்லர் போர் விமானங்கள்; நிஜ விமானத்தை எழுபத்திரண்டால் வகுத்தால் வரும் அளவில், பாகம் பாகமாக, ஒட்டப்படாமல், பெட்டிக்குள்.

'தேடுவது' என்பதுதான் இங்கே வினைச்சொல். ஒட்டுவது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருவோம்.

அந்தக் காலத்தில் தேடல் சுலபமாக இருந்ததாம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கும் கிளிக்கூண்டுகளுக்கும் நடுவே, யாரோ கப்பலில் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன ஏர்ஃபிக்ஸ் பெட்டி என்றைக்காவது அகப்படும். 1985-இல் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில்தான் இப்போது நம் புறநகர் ரயில்கள் வந்து நிற்கும் மூர் மார்க்கெட் வளாகம் இருக்கிறது. ஆவடி லோக்கலில் வந்து இறங்கும்போதெல்லாம் அவர் பிளாட்பாரத்தில் ஒரு குறிப்பிட்ட தூணருகே நின்று, "இங்கதான் ஸ்பிட்ஃபயர் வாங்கினேன்" என்பார். கூட வந்தவர் கூட்டத்தில் இடி வாங்கியபடி தலையாட்ட வேண்டும்.

அங்கிருந்து பொடிநடையாகப் பாரிமுனை, நாராயண முதலி தெரு. பொம்மை மொத்த வியாபாரத்தின் தலைநகரம். அங்கே நடக்கும் உரையாடல் ஆண்டுதோறும் மாறாதது. கடைப்பையன் மட்டும் மாறுவான்.

"தம்பி, ஏரோப்ளேன் மாடல் கிட் இருக்கா?"

"ரிமோட் வெச்சதா சார்?"

"ரிமோட் எல்லாம் இல்லப்பா."

"லைட் எரியுமா? சத்தம் வருமா?"

"எரியாது, வராது."

"பறக்குமா சார்?"

"பறக்காது."

"அப்ப என்னதான் சார் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. நாமதான் ஒட்டணும். பெயிண்ட்டும் நாமதான் அடிக்கணும்."

பையன் உள்ளே திரும்பி, "அண்ணே, உடைஞ்ச ஐட்டம் ஏதாவது கெடக்குதா?" என்று குரல் கொடுப்பான். அவன் மேல் தப்பில்லை. வாடிக்கையாளர் சொன்ன லட்சணங்கள் அத்தனையும் உடைந்த ஐட்டத்துக்குப் பொருந்துகின்றன.

அரசாங்கமும் பையன் கட்சிதான். சுங்க வரிப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, பொம்மைக்கான தள்ளுவண்டி, புதிர் ஆகியவற்றோடு ஸ்கேல் மாடலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவலாக 60-க்குப் போயிற்று. 2023-இல் 70 ஆயிற்று. நடுவில், 2021 ஜனவரியிலிருந்து பி.ஐ.எஸ். முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. உள்ளூர்ப் பொம்மைத் தொழில் பிழைக்க வேண்டும் என்று செய்தது, நியாயம்தான். ஆனால் ஏரோப்ளேன் சாருக்குப் பண விவகாரத்தைவிட மான விவகாரம் பெரிது. முப்பது வருஷமாக மனைவியிடம் "பொம்மை இல்லம்மா, ஸ்கேல் மாடல்" என்று வாதாடி வந்தவர். ஒரு நாள் வெளிநாட்டுப் பார்சலோடு தபால்காரர் வாசலில் நின்று, "சார், டாய்ஸ்னு போட்டு ட்யூட்டி வந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னபோது, அந்த அம்மாள் உள்ளேயிருந்து பர்ஸை எடுத்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல், சில்லறை பாக்கியில்லாமல் எண்ணிக் கொடுத்தார். அவ்வளவு திருப்தியாக வரி கட்டியவர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கமாட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2010-களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் பக்கவாட்டில் 'மேட் இன் இந்தியா' என்றே அச்சிட்டிருக்கும். இங்கே வார்த்து, இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கிருந்து இவர் வரவழைத்து, பிறந்த மண்ணுக்குள் நுழைய வரி கட்டுகிறார். டிஃபையன்ட் விஷயத்தில் இது உச்சத்துக்குப் போயிற்று. போல்டன் பால் டிஃபையன்ட் என்பது பிரிட்டிஷ்காரர்கள் செய்த ஒரு விசித்திரமான சண்டை விமானம். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு, அதில் ஓர் ஆள், நாலு துப்பாக்கி. 1940 மே மாதம் டன்கர்க் வானத்தில், வழக்கமான விமானம் என்று நினைத்துப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார்கள் ஜெர்மானியர்கள். விஷயம் புரிந்து முன்னால் வரத் தொடங்கியதும் கதை கந்தலாகிவிட்டது. பிறகு ராத்திரி டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். இதை ஓட்டிய 264-ஆம் ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் '264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்'. நம் மாகாணத்து மக்கள் போர் நிதிக்குக் காசு கொடுத்ததற்காகச் சூட்டிய பெயர். 79-க்கும் 234-க்கும்கூட இதே பெயர்தான். ஏர்ஃபிக்ஸ் 2015-இல் டிஃபையன்டுக்குப் புது அச்சு போட்டது. "மெட்ராஸ் காசு போட்ட ஏரோப்ளேன், இந்தியாவுல செஞ்ச கிட், அதுக்கு நான் ட்யூட்டி கட்டணுமா?" என்று அவர் கேட்கும்போது குரல் தழுதழுக்கும். கேட்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறப்படலாம் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பைத் தள்ளிப்போட வேண்டும். டிஃபையன்ட் வெறும் முன்னுரை.

மெயின் கச்சேரி கேடலினா. புழல் ஏரி, அதாவது ரெட்ஹில்ஸ் ஏரி, 1942 முதல் ராயல் ஏர்ஃபோர்ஸின் பறக்கும் படகுகள் இறங்கும் தளமாக இருந்தது. 240-ஆம் ஸ்குவாட்ரனின் கேடலினாக்கள் இந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவில் ரோந்து போய்வந்தன. 104 அடி இறக்கை, இரண்டு எஞ்சின், வயிறு படகு மாதிரி. அம்பத்தூர்க்காரன் இன்று குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீரில் அன்று விமானம் மிதந்திருக்கிறது. சூரப்பட்டுப் பக்கம் கரையில் நின்று இதைச் சொல்லும்போது அவர் உண்மையிலேயே அழகாகிவிடுவார். வாக்கிங் வந்தவர்கள், மீனுக்கு நிற்பவர்கள் எல்லோரும் திரும்பி ஏரியைப் பார்ப்பார்கள். அடுத்த வாக்கியத்தில் கெடுத்துவிடுவார்.

"ஆனா கடையில கிடைக்கிறது ஃபைவ் ஏ சார். இங்க இருந்தது ஃபைவ் மாதிரி."

விஷயம் இதுதான்: 'ஏ' போட்டது சக்கரம் உள்ளது, தரையிலும் இறங்கும். ரெட்ஹில்ஸில் இருந்தவை சக்கரமில்லாத அசல் படகுகள். ஆகவே பெட்டியில் சக்கரம் இருக்கக் கூடாது. பெட்டியில் வரும் வட்டச் சின்னத்திலும் வில்லங்கம் உண்டு. நடுவில் சிவப்பு இருந்தால் ஜப்பான்காரனின் சூரியன் என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்பதால், கிழக்குப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தில் மட்டும் போட்டார்கள். எனவே நீலச் சின்னம் தனியாக வேண்டும். இவ்வளவு நிபந்தனையோடு பெண் தேடியிருந்தால் அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

புரொப்பெல்லர் மேல் உள்ள பிரியம் உறவுமுறைகளையும் காப்பாற்றியிருக்கிறது. மச்சினர் வீடு அரக்கோணத்தில். 1992-இல் அங்கே கடற்படையின் ராஜாளி தளம் திறந்து, கோவாவிலிருந்து டியு-142 விமானங்கள் வந்துசேர்ந்த பிறகு, இவர் மச்சினர் வீட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். நாலு எஞ்சின், எஞ்சினுக்கு எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர், ஆக எட்டு. அந்த உறுமலைக் கேட்க மொட்டைமாடியில் ஈசிசேர். மச்சினர் நெகிழ்ந்துபோனார். 2017 மார்ச்சில் அந்த விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஃபோன் மட்டும்தான். அதன் மாடலும் எழுபத்திரண்டில் உண்டு, ஆனால் இறக்கை கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் வருகிறது. பெட்டி வந்தால் தான் வெளியே போய்விடுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, ஒட்டுவது. கட்டிலடியில், பரணில், பூஜை அறை அலமாரியின் கீழ்த்தட்டில் (மேல்தட்டு வரை பேச்சுவார்த்தை நடக்கிறது) இருக்கும் பெட்டிகளில் ஒட்டி முடித்தவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். காரணம் கேட்டால் சீதோஷ்ணம் என்பார். கோடையில் பெயிண்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது, ஐப்பசி, கார்த்திகையில் காயவே மாட்டேன் என்கிறது, மார்கழியில் பனி. தை மாதம் ஒன்றுதான் உகந்தது, அதில் விருந்தாளிகள். மற்றபடி பெட்டியைத் திறந்து பார்ப்பது நித்தியப்படி நடக்கும். டூல் ரூம் ஆசாமி அல்லவா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரன்னரோடு வெளிச்சத்தில் பிடித்து, எஜெக்டர் பின் எங்கே குத்தியிருக்கிறது, சிங்க் மார்க் விழுந்திருக்கிறதா என்று இறக்கை இறக்கையாக ஆராய்வார். "ஜப்பான்காரன் டை போட்டா டைதான். பார்ட்டிங் லைன் தெரியுதா, நகத்தால தடவிப் பாருங்க." நமக்கு நகம்தான் தெரியும்.

அபூர்வமாக ஒட்ட உட்கார்ந்தால் வீட்டில் ஊரடங்கு. ஃபேன் போடக் கூடாது. டிஃபையன்டின் வானொலிக் கம்பிக்காக, மிச்சமான பிளாஸ்டிக் ரன்னரைக் காமாட்சி விளக்குச் சுடரில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுப்பார்; தலைமயிரைவிட மெல்லிய இழை வரும். அந்த நேரம் மூச்சுக்கூட விடமாட்டார். விளக்கில் பிளாஸ்டிக் வாடை அடித்ததைக் கண்டுபிடித்த அன்று என்ன நடந்தது என்பதை அவரே சொல்வதில்லை. இன்னொரு நாள், இறக்கையில் ஒட்ட வேண்டிய ஒரு குழாய், அரை அரிசி அகலம் இருக்கும், இடுக்கியிலிருந்து தெறித்து மொசைக் தரையில் விழுந்தது. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று புள்ளி புள்ளியாக இருக்கும் மொசைக்கில் பழுப்புக் குழாயைத் தேடுவது எப்படி? வேலைக்கு வரும் அம்மாவை ஒரு வாரம் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தம்மாதான் தெரு முழுக்க, "ஏரோப்ளேன் சார் வீட்ல ஏதோ வைரம் தொலைஞ்சிருச்சாம்" என்று சொன்னது.

இவரைப் போலவே பூந்தமல்லியில் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. எழுபத்திரண்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் உள்ள உறவு வடகலை, தென்கலை மாதிரி; நேரில் பார்த்தால் வணக்கம், முதுகு திரும்பினால் "அவ்வளவு பெருசு வெச்சா அதுக்குப் பேர் மாடலா?" அப்படிப்பட்டவரிடம்தான், யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு கேடலினா, எழுபத்திரண்டு, 'ஏ' போடாதது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருப்பதாகத் தகவல் வந்தது. ஏரோப்ளேன் சார் மாற்றுப்பண்டமாக நாற்பத்தெட்டில் ஒரு ஹரிகேனை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டு பேரும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து, பெட்டிகளைத் தொடாமல், மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி அரைமணி பேசினார்கள். இரண்டாவது காபி வந்த பிறகு பூந்தமல்லிக்காரர் விஷயத்துக்கு வந்தார்.

"கொடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா நீங்க அதைப் பிரிச்சு ஒட்டிடுவீங்களோன்னுதான்..."

"சேச்சே" என்றார் ஏரோப்ளேன் சார்.

"இல்ல, உறை பிரிக்காத பெட்டி இப்ப எங்கயும் கிடைக்காது. ஒட்டுறதா இருந்தா மனசு வரல."

"ஒட்டவே மாட்டேன் சார். புள்ளைங்க மேல சத்தியம்."

கூடத் துணைக்குப் போயிருந்த ஏரோப்ளேன் சாரின் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்து சாட்சி சொன்னார்: "அந்த விஷயத்துல நீங்க தாராளமா நம்பலாங்க."