ஒழுகலியல்: ஓட்டு வீட்டில் ஒரு கள ஆய்வு

தமிழில் ‘ஒழுகு’ என்னும் வினைக்கு இரண்டு வேலை. கூரை வழியே தண்ணீர் இறங்கினால் வீடு ஒழுகுகிறது. நெறிப்படி நடந்தால் மனிதன் ஒழுகுகிறான். ஒழுக்கம் என்ற சொல்லே இந்த வேரில் முளைத்ததுதான். வள்ளுவர் அதற்கென்று 14ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். இதை வைத்துப் பார்த்தால் சிவகங்கைச் சீமையிலேயே ஒழுக்கத்தில் சிறந்த வீடு எங்கள் பூர்வீக வீடு. போன ஐப்பசியில் எண்ணியபோது ஒன்பது இடத்தில் ஒழுகியது. இந்தக் கருதுகோளை அப்பத்தாவிடம் முன்வைத்தேன். “அந்த அண்டாவ இழுத்துப் போட்டுட்டு வந்து பேசு” என்றார். முன்னோடி ஆய்வாளர்கள் எப்போதும் இப்படித்தான் அவமதிக்கப்படுகிறார்கள்.

ஆய்வுக் களம் பற்றிச் சிறு குறிப்பு. வீட்டின் பின்பத்தி நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் பிறந்து, அரைக் குழாயாகப் பிளந்து, பனங்கை மேல் வரிச்சு கட்டி அடுக்கியது. முன்பத்தி சீமை ஓடு. சீமை ஓடு என்றாலும் அது சீமையிலிருந்து வந்ததல்ல. மங்களூரில் நேத்திராவதிக் கரையில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஓட்டுச் சாலையின் வாரிசு. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்தும். அடியிலுள்ள குமிழ் ரீப்பர் என்னும் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆணி இல்லை, சாந்து இல்லை, தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். அப்படியென்றால் பத்தடிக்குப் பத்தடிக் கூரைப் பரப்பில் 140 ஓடுகள். உடைந்த ஒன்றைத் தவிர மற்ற 139 ஓடுகளும் ஒழுங்காக இருப்பவை என்பது நள்ளிரவில் யாருக்கும் ஆறுதல் தருவதில்லை.

இனி, இலக்கணச் சிக்கல். ஓடு என்ற பெயர்ச்சொல்லோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் ‘ஓட்டை’. பொத்தல் என்ற பொருளிலும் ‘ஓட்டை’. எனவே “ஓட்டை மாற்றிவிட்டேன்” என்று ஓடு மாற்ற வந்தவர் சொல்லும்போது, புது ஓடு போட்டாரா, ஓட்டையை வேறிடத்துக்கு மாற்றினாரா என்பது தமிழில் தெளிவாகாது. பல ஆண்டுக் களப்பணியின் முடிவு: இரண்டையும்தான் செய்கிறார். ஒழுகும் இடத்துக்குப் போக அவர் எட்டு ஓட்டை மிதிக்க வேண்டும். பழைய ஓடு மிதியைத் தாங்காது. திரும்பி இறங்கும்போது இன்னும் எட்டு. கட்டிலுக்கு மேல் நின்ற ஒழுகல் அடுத்த மழையில் அரிசிப் பானைக்கு மேல் தொடங்கும். ஒழுகலை அழிக்க முடியாது, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு மாற்றலாம் என்பதே இத்துறையின் முதல் விதி.

இரண்டாம் விதியை வகுத்தவர் அந்த ஓடு மாற்றுபவரே. அவர் ஏணியைச் சாத்தியதும் நடந்த உரையாடலை அப்படியே பதிவு செய்கிறேன்.

“எங்க ஆத்தா ஒழுகுது?”

“கட்டிலுக்கு நேர் மேலதான்ப்பா சொட்டுது.”

“சொட்டுற எடத்த யாரு கேட்டா? ஒழுகுற எடத்தச் சொல்லு.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு முனைவர் பட்டம் கொடுக்கலாம். பொத்தல் வழியே நுழையும் தண்ணீர் அங்கேயே விழுவதில்லை. ஓட்டின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரீப்பரில் ஏறி, அதன் வழியே சட்டத்துக்கு வந்து, சட்டத்தின் சரிவில் பல்லி மாதிரி தலைகீழாக ஓடும். ஓர் ஆணித் தலையோ மரக் கணுவோ எதிர்ப்படும்போதுதான் பிடி விட்டுச் சொட்டும். பொத்தல் முகட்டுக்குப் பக்கத்தில் இருக்க, சொட்டுவது இறவாணத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருமுறை ஆறடி தள்ளிக் கண்டுபிடித்தோம். அதற்குள் எந்தக் குற்றமும் செய்யாத நாலு ஓடுகளைக் கழற்றி மாட்டியாகிவிட்டது.

பொத்தலைக் கண்டுபிடிக்க வெயிலை நம்பலாம் என்று ஒரு பள்ளி உண்டு. நண்பகலில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து உட்கார்ந்தால் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும். நானும் சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்தேன். ஓட்டின் விரிசல் கோணல்மாணலாக இருக்க, தரையில் விழுந்தது மட்டும் உருண்டையாக இருந்தது. காரணம், அது பொத்தலின் படம் அல்ல, சூரியனின் படம். சிறு துளை வழியே வரும் ஒளி சூரியனையே தரையில் வரைந்துவிடுகிறது. கிரகணத்தன்று பார்த்தால் அதே காசுகள் பிறையாக இருக்கும். அதோடு, சூரியன் நகர நகரக் காசும் நகரும். காலையில் திண்ணைப் பக்கம் வட்டம் போட்டால் மாலையில் அது அடுப்படிப் பக்கம் போயிருக்கும். ஆக, தண்ணீரும் பொய் சொல்கிறது, வெளிச்சமும் பொய் சொல்கிறது.

பொய் சொல்லாத கருவி ஒன்றுதான். விளக்குமாற்று ஈர்க்கு.

அப்பத்தா செய்முறை இது. தரையில் கிடக்கும் காசின் மேல் கண்ணை வைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கண் கூசும் இடம்தான் பொத்தல். நீளக் கம்பில் ஈர்க்கைக் கட்டி, அந்தப் பொத்தல் வழியே கூரைக்கு வெளியே நீட்ட வேண்டும். மேலே நிற்கும் ஆளுக்கு ஓடுகளுக்கு நடுவே ஒரு ஈர்க்கு முளைத்து ஆடுவது தெரியும். அவர் “ஆங், பாத்துட்டேன்” என்று சொல்லும்வரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு இல்லை. கழுத்துவலி உண்டு. உள்கூரை அடிக்காத வீடாக இருந்தால் சீமை ஓட்டை உள்ளிருந்தே மேல்நோக்கித் தள்ளி, கொஞ்சம் சாய்த்துக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதும் அன்று தெரிந்துகொண்டது. அப்படிச் செய்தால் கூரையில் யாரும் ஏறவே வேண்டாம். முதல் விதி செயலற்றுப் போகும். இதைச் சொன்னபோது ஓடு மாற்றுபவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது பாத்திர வைப்பியல். மழை இரவில் எதை எதன்கீழ் வைப்பது? ஆய்வாளர்கள் அளவை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். நான் ஓசையையும் எடுத்தேன். எவர்சில்வர் குண்டான் தூங்கவிடாது. பிளாஸ்டிக் வாளி பரவாயில்லை. மண்சட்டி உத்தமம், ஆனால் சீக்கிரம் நிரம்பும். வெறும் பாத்திரத்தில் ‘டங்’ என்று விழும் சொட்டு, இரண்டு விரற்கடை தண்ணீர் சேர்ந்ததும் ‘ப்ளுக்’ என்று மாறும். இந்த ‘ப்ளுக்’ அற்ப விஷயமல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் அனுராக் அகர்வால் பிரேசிலில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, கூரை ஒழுகி வாளியில் சொட்டும் ஓசை கேட்டுத் தூக்கம் கெட்டு, திரும்பி வந்து அதையே ஆராய்ந்தார். அதிவேகக் கேமரா, நீருக்கடியில் ஒலிவாங்கி எல்லாம் வைத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சொட்டு தண்ணீரில் மோதுவது கிட்டத்தட்ட ஓசையில்லாத காரியம். மோதிய இடத்தில் குழி விழுகிறது. குழி மூடும்போது அடியில் ஒரு சிறு காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்கிறது. அது துடிக்கும் துடிப்புதான் நம் தூக்கத்தைக் கெடுக்கிறது. பரிகாரமும் சொன்னார்கள்: பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து ஓசை நின்றுவிடும்.

ஒழுகும் வீட்டில் படுத்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானோர். அதிலிருந்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஒருவர். எனக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

சோப்புச் சோதனையை எங்கள் வீட்டில் செய்து பார்த்தேன். ஓசை அடங்கியது. காலையில் அப்பத்தா அண்டாவைப் பார்த்துவிட்டு, “மாட்டுக்கு வைக்கலாம்னு இருந்தேன். நல்ல மழத்தண்ணியக் கெடுத்துட்டியே” என்றார். அவர் காலம் காலமாகச் செய்வது வேறு. பாத்திரத்துக்குள் கந்தல் துணியைச் சுருட்டிப் போட்டு, ஒரு முனையை மேலே தூக்கி வைத்துவிடுவார். சொட்டு துணியில் விழும், சத்தமில்லாமல் இறங்கும். குமிழுக்கு வழியே இல்லை. தண்ணீரும் மாட்டுக்கு ஆகும்.

ஒப்பியல் நோக்கு இல்லாத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது என்பதால் கடற்கரைக்குப் போனேன். வீடும் வள்ளமும் ஒரே பொருள்தான். கவிழ்த்து வைத்தால் வீடு, நிமிர்த்தி வைத்தால் வள்ளம். ஒன்று மேல்தண்ணீரைத் தடுக்க வேண்டும், மற்றது கீழ்த்தண்ணீரை. பலகைக்குப் பலகை இடுக்கில் பஞ்சோ கயிறோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். ஆறு மாதம் கரையில் காய்ந்த மர வள்ளத்தை நேரே கடலில் இறக்கினால் எல்லா இடுக்கிலும் தண்ணீர் வரும். நனைய நனைய மரம் உப்பி இடுக்குகளைத் தானே மூடிக்கொள்ளும். அந்தக் குணம் எங்கள் ஓட்டுக்கு இருந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே வந்திராது. சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த மசூலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஆனால் ஒழுகும். ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் அண்டாவின் கடல் அவதாரம் அந்த ஆள்.

கட்டுமரம் இன்னும் ஒரு படி மேல். இலேசான மரத் தடிகளைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். தண்ணீர் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். உள்ளே என்று ஒன்று இல்லாததால் ஒழுகல் என்ற கேள்வியே எழாது. தடிகள் ஊறிக் கனத்துப்போகும் என்பதால் கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். இவ்வளவு தெளிவான தீர்வை வீட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன். வீட்டில் சம்மதிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கண்மாயில் இதற்கும் மேலான ஒரு கருவி உண்டு. ஊத்தா. குச்சிகளை வரிசையாகக் கட்டிய கூடை. அடி அகலம், வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனதும் ஊர்கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் சேற்றில் குத்திக் குத்திப் போவார்கள். உள்ளே திமிறல் தெரிந்தால் மேல்வாயில் கைவிட்டு விராலை எடுக்க வேண்டியதுதான். (முதலில் கைக்கு வருவது கெளுத்தி முள்ளாக இருந்தால் அன்றைய திருவிழா அத்தோடு முடிந்தது.) ஒழுகுவதற்கென்றே செய்த பாத்திரம் இது. அடைத்துக்கொண்டால்தான் பழுது.

பரிந்துரை என்று சிலவற்றைச் சொல்ல வேண்டியது மரபு. பாசி பிடித்த ஓட்டில் ஈரத்தோடு ஏறாதீர்கள். ஓடு போனால் வாங்கலாம், இடுப்பு போனால் வாங்க முடியாது. மிதித்தாக வேண்டுமென்றால் அடியில் ரீப்பர் இருக்கும் இடமாகப் பார்த்து மிதியுங்கள், அல்லது குறுக்கே ஏணியைப் படுக்கப்போட்டு அதன்மேல் போங்கள். முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல ஒழுகல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கூரைமேல் சாய்ந்த முருங்கைக் கிளையை வெட்டுங்கள். கூரையில் வந்து இறங்கும் மயிலை ஒன்றும் செய்ய முடியாது. அது தேசியப் பறவை.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. மீதி ஒன்பது மாதமும் கூரையைப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறது. சித்திரையில் அண்ணாந்து பார்ப்பவர் எவரும் இல்லை. ஐப்பசியில் அழைத்தால் ஓடு மாற்றுபவருக்கு நேரமில்லை.

எங்கள் ஆள் பேரனோடு திருப்பூர் போய்விட்டார். வாசகர்களில் யாருக்காவது நாட்டு ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்தவர் பழக்கம் இருந்தால், புரட்டாசி முடிவதற்குள் தெரியப்படுத்துங்கள். ஏணி எங்களிடம் இருக்கிறது. கீழே நின்று ஈர்க்கு ஆட்ட நான் இருக்கிறேன்.