அவிநாசி இருமுறை எதிர்ப்படுதல்: வேலம்பாளையம் – சென்னை வான்பயணக் காலம் குறித்து ஓர் ஆய்வு

இரு நகரங்களுக்கிடையிலான வான்தொலைவு என்பது, உருண்டையான புவிமேல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இழுத்துக் கட்டிய நூலின் நீளமே. அறிவியலார் இதனைப் பெருவட்டத் தொலைவு என்பர். பனியன் ஊரான திருப்பூரில் நூலை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்பதால் நேரே அளவுக்கு வரலாம். கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு இந்நூல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். திருப்பூரைச் சேர்ந்த 15 வேலம்பாளையத்திலிருந்தோ சுமார் 370 கிலோமீட்டர்தான். (ஊர்ப்பெயரின் முன்னுள்ள 15 பெயரின் உறுப்பேயன்றித் தொலைவன்று, கூட்டலில் சேர்த்துவிடலாகாது.)

ஆகவே சென்னைக்கு 30 கிலோமீட்டர் நெருக்கத்திலிருக்கும் வேலம்பாளையத்தார், கிழக்கே போவதற்காக முதலில் அவிநாசி வழியே மேற்கே 40 கிலோமீட்டர் காரில் போகிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இவ்வழியை இவ்வாய்வு 'பின்தொலைவு' எனக் குறிக்கும்.

விமான அட்டவணை காட்டும் ஒன்றேகால் மணி நேரம், விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலான காலமாகும். வானில் கழிவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. இதனோடு சாலைக்கு ஒரு மணி, முன்கூட்டியே போய்ச் சேருவதற்கு இரண்டு மணி, பெட்டிக்குக் காத்திருக்க அரை மணி எனக் கூட்டினால் நான்கே முக்கால் மணி வருகிறது. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலோ திருப்பூரிலிருந்து சுமார் ஐந்தேகால் மணியில் சென்னை சென்ட்ரலில் சேர்த்துவிடுகிறது. விமானச் சீட்டின் விலைக்குக் கிடைக்கும் ஆதாயம் அரைமணி. அதுவும் மீனம்பாக்கத்துக்கு வெளியே வாடகைக் கார் உடனே அமைந்தால்.

கள ஆய்வில் 'தாண்டல் பிழை' என்ற ஒன்றும் புலப்பட்டது. மடியில் சாம்பிள் பீஸ்களைப் பாலித்தீன் கவரோடு கசங்காமல் வைத்துக்கொண்டு செல்பவர், "எங்கீங்க வர்றீங்க?" என்று போனில் கேட்கப்பட்டதும், "அவிநாசி தாண்டிட்டனுங்க" என்பார், அப்போது கார் அவிநாசிக்கு முன்னுள்ள அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைகளின் முன் சிக்னலில் நின்றிருக்கும். இது பொய்யன்று, கூறுவோர் மனம் இருக்குமிடத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவீடு என்றே கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு வேறு. கோவையிலிருந்து சென்னைக்கு இழுத்த நூல் அவிநாசியை ஒட்டியே செல்கிறது. காற்றையும் கட்டுப்பாட்டு அறையையும் கேட்டுத்தான் விமானி திரும்புவார் என்றாலும், நூலின்படி பறந்தால், வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பயணி மீண்டும் அவிநாசிக்கு மேலேதான் இருப்பார். வீட்டுக்கும் அவருக்கும் இடையே நேர்த்தொலைவு எட்டு கிலோமீட்டர் அளவே. அதாவது அதுவரை அவர் அடைந்த நிகர வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. அவரோடு ஒரே நேரத்தில் கிளம்பி அவிநாசிக்கு நடந்தே சென்றவர் இந்நேரம் தேர் வீதியில் டீ குடித்து முடித்திருப்பார். ஆனால், அவிநாசி தாண்டிவிட்டதாக இனி சொன்னால் அது உண்மையாகும் அத்தருணத்தில், விமானத்திலிருப்பவரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.