சுருக்கித் தரப்படும்

மதுரை செல்லூர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில் தொங்கும் போர்டுகளை நின்று படியுங்கள். ஆதார், பான், பட்டா. அடியில் புதிதாக ஒரு வரி: பிடிஎஃப் சுருக்கித் தரப்படும். தறி ஓட்டிப் பிழைத்த ஊருக்கு அரசாங்கம் கொடுத்த மாற்றுத் தொழில் இது.

யார் சுருக்கச் சொன்னது? டிஎன்பிஎஸ்சிக்குப் புகைப்படம் 20 முதல் 50 கேபி. கையெழுத்து 10 முதல் 20 கேபி. கூடினாலும் தள்ளுபடி, குறைந்தாலும் தள்ளுபடி. உங்கள் படிப்பை அப்புறம் பார்ப்பார்கள், முதலில் எடை.

இதைவிடப் பெரிய கூத்து உண்டு. இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வாங்கும் சாதிச் சான்றிதழ் பிறப்பதே பிடிஎஃப்பாகத்தான். டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. க்யூஆர் குறியீடு இருக்கிறது. அடுத்த அலுவலகத்தில் நீட்டினால், "பிரின்ட் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கி, ஸ்கேன் பண்ணி ஏத்துங்க" என்கிறார்கள். 2017-ல் செல்லூர்க்கார அமைச்சர் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் விட்டதற்காக இன்னமும் செல்லூர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறீர்களே, அது ஒரு நாள் கூத்து. இது தினப்படி.

மென்பொருளுக்கா பஞ்சம்? பிடிஎஃப் 1993-ல் அடோபி பெற்ற பிள்ளைதான். ஆனால் 2008-லேயே அது பொதுத் தரமாகிவிட்டது. மாதச் சந்தா அழ வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை. பக்கத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் பிடிஎஃப்சாம். உள்ளே திருத்த லிப்ரேஆபிஸ் டிரா. சுருக்க பிடிஎஃப்24, கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். காசும் வேண்டாம், வேலை செய்ய இணையமும் வேண்டாம்.

தமிழ்தான் கொஞ்சம் பழிவாங்கும். அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையிலிருந்து ஒரு வரியைக் காப்பி எடுங்கள். லத்தீன் கிறுக்கல் வந்து விழும். யூனிகோடைத் தரமாக ஏற்று 2010-லேயே அரசாணை போட்டாயிற்று. அந்த ஆணையை எந்த எழுத்துருவில் அடித்தார்களோ!

கடையில் இந்த மென்பொருளையெல்லாம் நிறுவிக்கொண்டிருக்கப் பொழுது இல்லை. கூகுளில் தட்டி, முதலில் வரும் தளத்தில் ஏற்றுகிறார்கள். உங்கள் ஆதாரும் பாஸ்புக் முதல் பக்கமும் எந்த நாட்டு சர்வருக்கோ போய் இளைத்துத் திரும்புகின்றன. கடைக் கணினியின் முகப்பைப் பாருங்கள். 'புது1', 'புது2', 'பைனல்', 'பைனல் பைனல்'. பாதித் தெருவின் ஜாதகம் அங்கே கிடக்கிறது.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் செய்திக்குறிப்பு விட்டது. கண்டவரிடம் நகல் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கணினியில் இறக்காதீர்கள். இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். வழக்கமான ஜாக்கிரதை போதுமாம். அந்த ஜாக்கிரதையோடுதான் வரிசையில் நிற்கிறோம். (எண் மேல் கறுப்புக் கட்டம் வரைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களே, பல சமயம் கட்டத்துக்கு அடியில் எண் பத்திரமாக இருக்கும். காப்பி எடுத்தால் வந்துவிடும்.)

வழி தெரியாத அரசும் அல்ல இது. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. திறந்த மூல மென்பொருளுக்கே முதலிடம் என்று 2015-ல் மத்திய அரசு கொள்கை வெளியிட்டது. கொள்கை எங்கே என்று கேட்காதீர்கள். பிடிஎஃப்பாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே வாக்காளர் பட்டியல். கணினியில் தயாராகும் பட்டியலைப் படமாக்கி, தேட முடியாத பிடிஎஃப்பாகப் போடுகிறது தேர்தல் ஆணையம். தேடும் வடிவில் கொடுங்கள் என்று கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். 2018 அக்டோபரில் தள்ளுபடி. வேண்டுமென்றால் நீங்களே உழைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. முன்னாள் மத்திய அமைச்சருக்கே அந்தப் பதில் என்றால் செல்லூர் நெசவாளிக்கு?

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தன் பெயரைத் தேடுகிறார். ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரர் கைப்பேசியில் மட்டும் எல்லாம் தட்டியவுடன் வருகிறது. எந்தத் தெரு, எந்தச் சாதி, எத்தனை ஓட்டு என்பது உட்பட.