இடைநில்லா விமானத்தின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! சிங்கப்பூர்ச் சாங்கியில் எழுந்தருளி, நியூயார்க் கென்னடியில் இறங்கியருளும் இடைநில்லா விமானப் பெருமானே, நெடுந்தூரச் சக்கரவர்த்தியே, தேவரீர் வாழ்க! 15,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், ஏறத்தாழ 18½ மணி நேரம் என்று அட்டவணை தேவரீர் புகழ் பாடுகிறது. படிக்கும்போதே அடியேனுக்கு முழங்கால் மரத்துப்போகிறது. பக்திப் பரவசம்தான், வேறென்ன?

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும் பாமரர்கள் நடுவே இறங்கி, கால் நீட்டி, முகம் கழுவி, காபி குடித்துச் சீரழிகிறார்கள். அந்த இழிவு அடியார்க்கு நேராமல் காத்து, சில மணி நேரத்தை மிச்சம் பிடித்தும் தருகிறீர். அந்த மிச்சத்தை அடியார்கள் நியூயார்க் ஹோட்டலில் அதிகாலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி பயனுறச் செலவிடுகிறார்கள்.

தேவரீரின் ஈகையை என்னென்பது! திருவயிற்றின் கொள்ளளவு 1,65,000 லிட்டர். கடைசி மணி நேரத்தில் எரிய வேண்டிய எண்ணெயை முதல் மணியிலிருந்தே சுமக்கிறீர். சுமப்பதற்கென்று தனியாக எண்ணெய் எரிக்கிறீர். நடுவழியில் நிரப்பிக்கொள்வதெல்லாம் கஞ்சர் வழக்கம். பூமி சூடேறுகிறது என்று முனகுவோருக்குக் கொடைமடத்தின் அருமை எங்கே தெரியும்? முந்நூறு பேர் அமரக்கூடிய திருமேனியில் 161 இருக்கைகளே. சாதாரண வகுப்பு என்ற தீட்டு அறவே இல்லை.

உள்ளே நிகழும் அற்புதங்களோ சொல்லி மாளாதவை. திரையில் குட்டி விமானம் பசிபிக்கின் மேல் அப்படியே நிற்கும். அரைமணி தூங்கி எழுந்து பார்த்தாலும், அடியார் மனம் கலங்கக்கூடாதென்று, அங்கேயேதான் நிற்கும். வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், மூக்கினுள் பொருக்குத் தட்டும். பாலைவனம் பார்க்கத் தனி டிக்கெட் வேண்டாமே என்ற கருணை! கழற்றிப் போட்ட ஷூ இறங்கும் நேரத்தில் காலில் நுழையாது. எளியவர் பாதங்களையும் பருக்க வைக்கும் வள்ளன்மை வேறு எவருக்கு உண்டு?

காலத்தை வென்ற கதையைக் கேளுங்கள். நியூயார்க் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13, பின்தங்கியிருப்பதால், கடிகாரக் கணக்கில் பயணம் வெறும் ஆறரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணிதான். சித்தர்க்கும் கைகூடாத வித்தை! மரமண்டை உடம்புக்குத்தான் இந்தக் கணக்குப் புரிவதில்லை.

புறப்படுமுன் சாங்கியில் காத்திருப்பதையும், இறங்கியபின் குடிநுழைவு வரிசையில் நிற்பதையும் அட்டவணை தன்னடக்கத்தால் சொல்வதில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வந்தவர், மன்ஹாட்டன் வரையிலான கடைசி 25 கிலோமீட்டரைக் கார் நெரிசலில் ஒரு மணி நேரம் ஆற அமர ரசிக்கலாம்.

வாசகப் பெருமக்களே, டிக்கெட்டில் ஊர் திரும்பும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையிலும் பெருமான் 18 மணி நேரத்துக்குக் குறைத்து அருள்வதில்லை.