மடிக்கணினி உயிர்பெறாமை: ஓர் ஆய்வு

நோக்கமும் எல்லையும்

பவர் பட்டனை அமுக்கியும் அசையாத லேப்டாப்பையும், அதைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை வீட்டுக் கூடம். சர்வீஸ் சென்டர் இவ்வெல்லைக்கும் ஆய்வாளரின் வசதிக்கும் அப்பாற்பட்டது. முதன்மை ஆதாரம்: லேப்டாப். துணைமை ஆதாரங்கள்: மாமனார், மைத்துனன், மாடிவீட்டுப் பொறியியல் மாணவன். சுற்றி நிற்போர் பெருகப் பெருகப் பழுதின் காரணம் மறையும் என்பது கருதுகோள்.

முன்னோர் கருத்து

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது 950ஆம் குறள். கூடத்தில் கள ஆய்வு செய்ததில் நோயாளி ஒன்று, மருந்து எண்ணற்றவை, உடனிருந்து கவனிப்பவர் எவருமில்லை, எஞ்சிய அனைவரும் மருத்துவர் எனத் தெரியவந்தது.

நோய் வகைமை

முழுமௌனம், அரைமௌனம், அரற்றல் என நோய் மூவகைப்படும். முதலாவதில் விளக்கும் எரியாது, ஃபேனும் சுற்றாது. இரண்டாவதில் இரண்டும் உண்டு. திரை மட்டும் கறுப்பு. மூன்றாவதில் கம்பெனிச் சின்னம் தோன்றும், புள்ளிகள் சுற்றிச் சுற்றி வரும், காரியம் மட்டும் நடக்காது. மூன்றையும் “ஆன் ஆகலை” என்றே சொல்வது உலக வழக்கு. குழப்பத்தின் ஊற்று இதுவே.

முழுமௌனம்

இதில் மாமனார் மரபே மூத்தது. “சுவிட்சைப் போட்டீங்களா மாப்பிள்ளை?” என்பது அம்மரபின் ஒற்றைச் சூத்திரம். மாப்பிள்ளைகள் இதனால் புண்படுவதுண்டு. ஆயினும் முறைப்படி முதற்கேள்வி இதுவே. அடுத்தது அடாப்டர். 230 வோல்ட்டை வாங்கிப் பெரும்பாலும் 19 வோல்ட்டை ஒட்டித் தரும் அந்தக் கறுப்புப் பெட்டியில், சுவரிலிருந்து வரும் ஒயர் நுழையும் இடம் ஊன்றி நோக்கத்தக்கது. யார் காலோ பட்டு ஒரு நூல் அளவு நழுவியிருக்கும். கண்ணுக்கு என்னவோ முழுக்கச் செருகியதாகவே தெரியும்.

மைத்துனன் மரபு “மாமா, நீங்க கையை எடுங்க” என்று தொடங்கும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலுமானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அமுக்கிப் பிடிக்கச் சொல்லும். மந்திரம்போல் தோன்றினும் காரணம் உண்டு. போர்டின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்ததும், பட்டனைக் கவனித்துக்கொள்ளும் சிறு கன்ட்ரோலர் சிப் பிடிவாதம் தளர்ந்து புதிதாகத் தொடங்கும். பேட்டரி உப்பியிருந்தால் எம்மரபும் செல்லாது, கை வைக்கலாகாது.

அரைமௌனம்

திரையில் டார்ச்சைச் சாய்த்து அடிக்கையில் படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளி போயிற்று என்று பொருள். டிவியோடு இணைத்து அதில் படம் வந்தாலும் குற்றம் திரைப்பக்கமே. இரண்டும் இல்லையெனில் மாடிவீட்டு மரபு களமிறங்கும்: பின்மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூளைத் தட்டி, ‘டக்’கென்று கேட்கும்வரை திரும்பச் செருகும்.

உண்மையில் லேப்டாப் தன்னைத்தானே சோதித்து, பீப் ஒலியாலோ விளக்குச் சிமிட்டலாலோ குறையைச் சொல்லிவிடக்கூடியது. எத்தனை பீப்புக்கு என்ன நோய் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதால் நோயாளியின் வாக்குமூலம் எவர் காதிலும் விழுவதில்லை.

அரற்றல்

மறந்துபோய்ச் செருகி வைத்த பென்டிரைவிலிருந்து லேப்டாப் எழ முயன்று தவிக்கலாம். பிடுங்கிப் பார்க்க. விரிவுக்கு அஞ்சி இத்துடன் நிறுத்துகிறோம்.

முடிவுகள்

மும்மரபினரும் ஒருங்கே இயங்குவர். ஒயர் அழுத்தப்படும், பட்டன் அமுக்கப்படும், ரேமும் தேய்க்கப்படும். பிறகு அவ்வழியே வந்த பாட்டி ‘இது என்னடா’ என்று பட்டனைத் தொட, திரை ஒளிரும். எது குணப்படுத்தியது? ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அப்போது மற்றவர்கள் சும்மா நிற்க நேரும்; அது குடும்ப அமைதிக்குக் கேடு. எனவே பெறப்படும் விதி: கடைசியாகத் தொட்டவருக்கே புகழ். கிளைவிதி: கெட்டுப்போன அன்று கடைசியாகத் தொட்டவருக்கே பழி.

மேலாய்வுக் களம்

வீட்டில் அசையாதது சர்வீஸ் சென்டர் மேசையில் வைத்ததும் ஆன் ஆவது ஏன்? போகும் வழியில் சூடு தணிவதும் தேங்கிய மின்சாரம் வடிவதும் காரணமாகலாம். விதி மட்டும் அங்கும் பொய்ப்பதில்லை: கடைசியாகத் தொட்டவர்தான் பில் போடுகிறார்.